கண்ணாலே நிறுக்கும் மாமா

நம் ஊரில் ஓர் இனம் உண்டு. தராசு வேண்டாம், படிக்கல் வேண்டாம். எதிரே வருகிற ஆளைக் கண்ணாலேயே நிறுத்துவிடும். படித்தவர்கள் இதைப் புத்தகத்தில் தேடட்டும்; நாலு சந்தை பார்த்த கண்ணுக்குத் தானாகத் தெரியும். பென்னாகரம் வட்டாரத்தில் இந்த இனத்துக்குத் தலைவர் ஆட்டு வியாபாரி சின்னராஜ்.

ஒற்றைக் குட்டியோடு தொழிலுக்கு வந்து, முதுகெலும்பைத் தடவியே இத்தனை கிலோ கறி விழும் என்று சொல்லி, மாடி வீடு கட்டி, மகளையும் கட்டிக் கொடுத்தவர், அந்தக் கையைச் சந்தையிலேயே விட்டுவிட்டு வர வேண்டாமா? மாட்டார். கல்யாணப் பந்தியோ துக்க வீடோ, இளசுகளைக் கண்டால் முதுகில் ஒரு தட்டு, மேலும் கீழும் ஒரு பார்வை, உடனே தீர்ப்பு. இதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் அக்கறை.

அக்கா மகன் அருள்குமாருக்கு இருபத்திரண்டு வயது; பருத்த உடம்பு. ஒரு காதுகுத்தில் இலை முன்னால் உட்கார்ந்தவனைப் பார்த்து, "நூத்திப் பத்துக்குக் கொறையாது!" என்று மாமன் அறிவித்தார். பந்தியே சிரித்தது. பையன் சோற்றைத் தொடாமல் எழுந்தான். அன்றிலிருந்து வாலிபால் இல்லை, வேலை தேடல் இல்லை, கூட்டாளிகள் இல்லை. அறைக் கதவு சாத்தியே கிடக்கிறது.

சும்மா இருப்பாரா சின்னராஜ்? ஒரு பை கொள்ளோடு புத்தி சொல்ல வந்துவிட்டார். அக்கா சசிகலா வாசலிலேயே மறித்தாள்.

"எங்கடா போற?"

"ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வந்தர்றேன்க்கா. கொள்ளுக் கஞ்சி குடிச்சான்னா..."

"ஒடம்பு கொறையறது அப்பறம். மொதல்ல அவன் மனசு ஒடிஞ்சிரக் கூடாதுன்னு அவனப் பாத்த டாக்டரம்மா சொல்லிருக்காங்க. ஒடம்பப் பத்திப் பேசறதா இருந்தா இப்பிடியே பஸ் ஏறு."

"நல்லதுக்குத்தானே சொல்றேன்?"

"நீ சொல்லிச் சொல்லித்தான் எம்புள்ள தலகாணில மூஞ்சியப் பொதச்சு அழுவறான்."

ஆயிரம் ஆட்டை மதிப்புப் போட்டவர் கொள்ளுப் பையைக் கீழே வைத்தார். பையனின் அறைக் கதவருகே போனார். "டேய்" என்றார். அப்புறம்? அந்த எடைப் பேச்சை விட்டால் தம்மிடம் வேறு சரக்கே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

"அருளு... ஒகேனக்கல் போலாமாடா? தனியா பரிசல் ஏற எனக்குப் பயம்."

இப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து ஊர் கேட்டதில்லை. உள்ளேயிருந்து ஒரு குரல்:

"பரிசல் என்னையத் தாங்குமா மாமா?"

கிலோ கணக்கு தொண்டை வரை வந்தது. கடித்து விழுங்கினார்.

"முங்குனா சேந்தே முங்கலாம், வாடா!"

தாழ்ப்பாள் விலகியது.

கைதட்டாதீர்கள் ஐயா. இதைப் படித்துக்கொண்டே, சோபாவில் கிடக்கும் உங்கள் வீட்டுப் பிள்ளையை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தீர்களே, அது எதற்கு?