பெண் பார்க்கப் போன வைஸ்

பித்தளைப் புஷ்ஷுக்குள் விரலை விட்டுப் பார்க்கவேண்டிய அவசியம் பொன்னுவேலுக்கு எதுவும் இல்லை. பெண் பார்க்கப் போகிற காலையில், வெள்ளை வேட்டி சட்டையோடு, பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்று ஒண்டிக்கடை ஊரில் இருக்கிற தன் ஒர்க் ஷாப்பைத் திறந்து உட்கார்ந்திருந்தான். மெஷின் தண்டில் மாட்டுவதற்காக முந்தின நாள் லேத்தில் கடைந்து வைத்த அந்தப் புஷ் வளையம் மேசைமேல் தங்கமாய் மின்னியது. நம் கைக்கு மோதிரம் எப்படி இருக்கும் என்று ஓர் ஆசை. வலது கை மோதிர விரலில் மாட்டிப் பார்த்தான். நன்றாகவே இருந்தது. கழற்றத்தான் முடியவில்லை.

எண்ணெய் விட்டான். அடுத்த கடையில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் சின்னனைக் கூப்பிட்டான்.

"எண்ணெய் விட்டுப் பாத்தியா தம்பி?"

"விட்டேங்ணா. இன்னும் உள்ள போறதுக்கு நல்லா ஒதவுச்சு."

சின்னன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு டிரில்லிங் மெஷின் பக்கம் கண்ணைக் காட்டினார்.

"புடிச்சா உடாதுன்னு பெருமை பேசுவியே, அந்த வைஸு. அது புஷ்ஷைப் புடிச்சுக்கட்டும். நான் உன்னைப் புடிச்சு இழுக்கறேன்."

அந்த மெஷின் வைஸ் பொன்னுவேலுக்கு உயிர். டிரில்லுக்கு அடியில் உள்ள இரும்பு மேடையில் போல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. அதற்கு இரண்டு தாடை. ஒன்று நகராது. இன்னொன்று, திருகைச் சுற்றச் சுற்ற முன்னால் வந்து, நடுவில் வைத்ததை நகராத தாடையோடு சேர்த்து அழுத்திக்கொள்ளும். அப்படிப் பிடித்துவிட்டால் மேலே டிரில் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் கீழே பொருள் இம்மியும் அசையாது. அது வந்த பிறகுதான் பொன்னுவேல் போடும் ஓட்டைகள் சொன்ன இடத்தில் விழ ஆரம்பித்தன.

விரலோடு புஷ்ஷைத் தாடைகளுக்கு நடுவில் வைத்தான்.

"மெதுவா இறுக்குங்ணா. இது உள்ள காலி. ஜாஸ்தி இறுக்குனா சப்பிப் போயிரும்."

சின்னனின் கை லாரி வீல் நட்டு இறுக்கிப் பழகிய கை. அரைச் சுற்றுதான் சுற்றினார். வட்டமாக இருந்த புஷ் லேசாக முட்டை வடிவத்துக்கு வந்தது. பொன்னுவேலின் முகமும் அதே வடிவத்துக்கு வந்தது.

"தளத்துங்ணா. தளத்துங்க."

சின்னன் பதற்றத்தில் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார். அங்கே நின்று பார்த்தபோது தளர்த்துகிற பக்கமும் இறுக்குகிற பக்கமும் குழம்பிவிட்டன. இன்னும் கால் சுற்று இறுக்கினார். பொன்னுவேல் சொன்னதைக் கேட்டு அவசரமாய் மறுபக்கம் திருப்பியபோது கைப்பிடி கழன்று கொல்லையில் போய் விழுந்தது. அதைத் தேட நேரமில்லை என்று, கைக்குக் கிடைத்த பெரிய ஸ்பேனரைப் போட்டு முழு பலத்தோடு இழுத்தார். திருகின் முனையில் கைப்பிடி மாட்டுவதற்கென்று இருந்த சதுரக் கட்டையின் நாலு மூலையும் மழுங்கி, அது உலக்கை நுனிபோல வழவழவென்று ஆனது. இனி எந்த ஸ்பேனரும் அதைப் பிடிக்காது.

சின்னன் மழுங்கின முனையைத் தடவிப் பார்த்தார்.

"அரத்தைப் போட்டு மறுபடி சதுரம் எடுத்துரலாம் தம்பி. மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும்."

வெளியே, பெண் வீடு இருக்கிற வாழவந்திக்குப் போகும் பஸ் ஹாரன் அடித்தது.

பொன்னுவேலுக்கு அக்கா ராசம்மாளின் குரல் காதில் கேட்டது. இதற்குமுன் இரண்டு இடத்துக்கு, கடையில் வேலை இருக்கிறது என்று போகாமலே விட்டிருந்தான். "இந்தத் தடவையும் போகலைன்னா என்னை அக்கான்னு கூப்புடாதே" என்று சொல்லியிருந்தாள். கூட வரவேண்டிய மாமா காய்ச்சலில் படுத்திருந்தார். "பஸ்ஸை உட்டு எறங்குனா பெரிய பலாமரம். அதை ஒட்டுன ஊடு. பொண்ணு பேரு காவேரி. போயிட்டு வா" என்று அடையாளம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"வைஸை மேடையில இருந்து கழட்டுங்ணா," என்றான் பொன்னுவேல்.

"கழட்டி?"

"நீங்களும் வாங்க. தூக்கணுமல்ல."

பஸ்ஸில் கண்டக்டர், புதுத் துண்டு போர்த்தி மடியில் கிடந்த இரும்பைச் சுட்டிக்காட்டினார்.

"இதுக்கு லக்கேஜ் போடணுமுங்க."

"லக்கேஜ் இல்லீங்க. கையி," என்றான் பொன்னுவேல்.

கண்டக்டர் துண்டைத் தூக்கிப் பார்த்தார். பழையபடி மூடிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார்.

பலாமரம் பெரியதுதான். அதை ஒட்டின வீட்டு வாசலிலேயே ஒரு மனிதர் சாலையைப் பார்த்தபடி நின்றிருந்தார். இரண்டு பேரையும் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க, வாங்க. காலையில இருந்து வழி பாத்துட்டே இருக்கறோம். நான் வெங்கடாசலம். கண்ணு, அவங்க வந்துட்டாங்க பாரு, காப்பி கொண்டா."

துண்டு விலகி வைஸ் தெரிந்தது. பொன்னுவேல் கூனிக் குறுகினான். வெங்கடாசலமோ திருப்தியாகத் தலையாட்டினார்.

"இதையும் கையோட கொண்டாந்துட்டீங்களா? நல்லதாப் போச்சுங்க."

"தங்கமான மனுசன் தம்பி. ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல," என்று சின்னன் காதில் சொன்னார்.

வாசலில் பெஞ்சு போட்டு உட்காரவைத்தார்கள். வெங்கடாசலம் பெருமூச்சு விட்டார்.

"உங்ககிட்ட மறைக்க என்னங்க இருக்குது. இதுக்கு முன்னால மூணு பேரு வந்து பாத்தாங்க. பாத்துட்டு, இது நமக்கு ஆவாதுன்னு போயிட்டாங்க."

பொன்னுவேலுக்கு நெஞ்சு இளகியது. "நான் அப்படிப் போறவன் இல்லீங்க."

"கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி போடும். ஆனா வேலைன்னு வந்தா சளைக்காதுங்க."

"எங்கக்காளும் அப்படித்தானுங்க. எனக்குப் பழக்கந்தான்."

வெங்கடாசலம் அவனை ஒரு மாதிரி பார்த்தார். அதற்குள் அவர் மகள் காப்பி கொண்டுவந்தாள். பொன்னுவேல் தலையை நிமிர்த்திப் பார்த்தான். அந்த மூன்று பேருக்கும் கண் தெரியாதோ என்று நினைத்தான். டம்ளரை வாங்க இடது கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"வலது கை என்னாச்சுங்க?"

துண்டை எடுத்துவிட்டான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, டம்ளரைத் தரையில் வைக்கக் குனிந்தவள், அப்படியே உட்கார்ந்து, அவன் மடியில் இருந்த வைஸை அடியிலிருந்து பார்த்தாள்.

"ஏனுங்க, அடியில ரெண்டு போல்ட் இருக்குதே, அது எதுக்குங்க?"

"அதுங்களா? அந்த நகராத தாடையைக் கீழ இருக்கற கட்டையோட சேத்துப் புடிக்கறதுக்கு..." என்று ஆரம்பித்த பொன்னுவேல் பாதியில் நிறுத்தினான்.

சின்னனைப் பார்த்தான். சின்னன் பலாமரத்தைப் பார்த்தார். காலையிலிருந்து இரண்டு பேரும் நகர்கிற தாடையோடுதான் மல்லுக்கட்டினார்கள். நகராத தாடையை யாரும் நினைக்கவே இல்லை. அது நகராமல் இருந்ததே அந்த இரண்டு போல்ட்டின் தயவில்தான். வாங்கிய நாளிலிருந்து மேடையில் கிடந்ததால், வைஸின் அடிப்பக்கத்தைப் பொன்னுவேல் மறந்தே போயிருந்தான்.

அவள் உள்ளே போய் ஸ்பேனர் எடுத்துவந்தாள். போல்ட்டைத் தளர்த்தியதும், அதுவரை இரும்பாய் நின்ற தாடை சாதுவாகப் பின்னால் சாய்ந்தது. அழுத்தம் போனதும் புஷ் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டது. தையல் நூலை விரலில் நெருக்கமாகச் சுற்றி, நுனியைப் புஷ்ஷுக்குள் விட்டு, அந்தப் பக்கத்திலிருந்து மெல்லப் பிரித்தெடுத்தாள். நூல் பிரியப் பிரியப் புஷ் நகர்ந்து வந்து அவள் உள்ளங்கையில் விழுந்தது.

"இதைக் கழட்டறதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"இல்லீங்க. வந்த விசயம் வேற," என்ற பொன்னுவேலுக்குக் காது சிவந்தது.

"அப்ப, பாத்துரலாமுங்களா?" என்று எழுந்தார் வெங்கடாசலம்.

"பாத்துட்டனுங்களே."

"எங்க பாத்தீங்க? அது ஊட்டுக்குப் பின்னாடியல்ல இருக்குது."

பின்னால் காப்பிப் பழம் மலைபோல் குவிந்து கிடந்தது. பக்கத்தில் கையால் சுற்றுகிற பழைய பல்ப்பர். பழத்தின் தோலை உரித்துக் கொட்டையைத் தனியே தள்ளுகிற மெஷின். பறித்த பழத்தை அன்றைக்கே அதில் போட்டாகவேண்டும், வைத்தால் புளித்து வீணாகும். கைப்பிடியைச் சுற்றினால் கைப்பிடி மட்டும் சுற்றியது, உள்ளே உருளை அசையவில்லை. பறித்த ஆட்கள் கூடையோடு சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

பொன்னுவேலுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இதுதான் மாப்பிள்ளைக்கு வைக்கிற பரீட்சை. அந்த மூன்று பேரும் இதில்தான் தோற்றுப் போயிருக்கிறார்கள்.

வேட்டியை மடித்துக் கட்டினான். கைப்பிடியையும் தண்டையும் சேர்த்துப் பிடிக்கிற ஆணி, உள்ளேயே முறிந்து துருப்பிடித்து இறுகியிருந்தது. "அடிச்சு எடுக்கலாமே," என்றார் சின்னன்.

"அடிச்சா தண்டு வளைஞ்சிரும். நீங்க எதையும் அடிக்காம இருங்ணா."

கத்தி தீட்டுகிற அரத்தை வாங்கி, மழுங்கின முனையில் மறுபடி சதுரம் எடுத்தான். முன்னைவிடச் சிறிய சதுரம், சின்ன ஸ்பேனர் அழகாகப் பிடித்தது. நகராத தாடையைப் பழைய இடத்தில் இறுக்கினான். வைஸைக் கனமான பலகையில் போல்ட் போட்டு உட்காரவைத்தான். உருளையிலிருந்து தண்டைக் கழற்றி, தாடைகளின் பல் பதியாமல் இருக்க இரண்டு பக்கமும் தகரத் துண்டு கொடுத்து, அடியில் ஒரே உயரத்தில் இரண்டு இரும்புப் பட்டை வைத்து, நடுவில் படுக்கவைத்தான். இறுக்கும்போது நகர்கிற தாடை பொருளைக் கொஞ்சம் மேலே தூக்கிவிடும், அது அவனுக்குத் தெரியும். மரச் சுத்தியலால் தண்டைத் தட்டித் தட்டி, அடியில் உள்ள பட்டைகள் விரலால் தள்ளினாலும் நகராமல் ஆகிறவரைக்கும் இறக்கினான்.

"வைஸ் புடிச்சுக்கும். நாம ஓட்டை மட்டும் பாத்தாப் போதும்," என்று அவளிடம் சொன்னான். அவள் கை டிரில்லை எடுத்துக் கொடுத்தாள். முறிந்த ஆணி சுருள் சுருளாய் வெளியே வந்தது. தண்டை மாட்டி, கைப்பிடியைச் செருகி, புது ஆணியை இறக்கிச் சுற்றினான்.

பல்ப்பர் ஊரே கேட்கச் சத்தம் போட்டது. சிவப்புத் தோல் ஒரு பக்கம், வழுவழுத்த கொட்டை ஒரு பக்கம். ஆட்கள் கூடையோடு ஓடிவந்தார்கள். வெங்கடாசலம் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"மூணு பேரு உட்டுட்டுப் போனதுங்க. சாமி, நொம்பத் திருப்தி. கேளுங்க, என்ன தரட்டும்?"

பொன்னுவேலுக்கு வாழ்நாளிலேயே இல்லாத தைரியம் வந்தது.

"எனக்குக் காவேரியைப் புடிச்சிருக்குங்க."

"காவேரியா? அது மரத்துக்கு அந்தப் பக்கத்து ஊட்டுப் பொண்ணுங்க."

"அப்ப இவங்க?"

"இது என்ற மக ராஜேஸ்வரி. நீங்க மெக்கானிக்குத்தானே? சேலத்துல இருந்து வரச் சொல்லியிருந்தோமே?"

பலாமரத்துக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதை அக்காவும் சொல்லவில்லை, பொன்னுவேலும் கேட்கவில்லை. அவன் வந்த விஷயத்தைச் சின்னன்தான் தட்டுத் தடுமாறி விளக்கினார். வெங்கடாசலம் தாடையைத் தடவியபடி மகளைப் பார்த்தார்.

ராஜேஸ்வரி கையிலிருந்த புஷ்ஷைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"பேரைத்தானுங்கப்பா மாத்திச் சொல்லிட்டாரு. கண்ணைப் பாத்துத்தான் சொன்னாரு," என்றாள்.

வெங்கடாசலம் சிரித்துவிட்டார். "உங்கக்காளை நாளைக்கே வரச் சொல்லுங்க தம்பி."

பொன்னுவேலுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மறு நிமிடமே முகம் வாடியது. "அந்த ஊட்டுல எனக்காகக் காத்துட்டு இருப்பாங்களேங்க. அவங்க மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

அப்போது வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு, தட்டு நிறைய இனிப்போடு பக்கத்து வீட்டு வீராயி உள்ளே வந்தாள்.

"எல்லாரும் எடுத்துக்கோங்க, எங்க காவேரிக்கு மாப்பிள்ளை அமைஞ்சிருச்சு. பொண்ணைப் பாத்த ஒடனே புடிச்சிருக்குன்னு சொல்லிட்டாரு, நல்ல குணந்தான். என்னமோ, வந்ததுல இருந்து பல்ப்பர் எங்க, பல்ப்பர் எங்கன்னு மட்டும் கேட்டுட்டே இருக்காருங்க."