டாக்டர் பாயும் என் புதன்கிழமைகளும்

தேனியிலிருந்து கூடலூர் வரைக்கும் நான் பையைத் தூக்கிக்கொண்டு போய் நிற்காத டாக்டர் கிடையாது. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக ஏழு வருடம் அந்தப் பாதையில் பைக் ஓட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: அந்த டாக்டர்கள் அத்தனை பேரையும்விடக் கண்டிப்பான ஒருவர் கம்பத்தில் இருக்கிறார். அவர் வைத்தியம் பார்ப்பது பேட்டரிகளுக்கு.

அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. என் கல்யாணப் பத்திரிகையின் உறைமேல்கூட ‘டாக்டர் பாய் அவர்கள்’ என்றுதான் எழுதினேன். கேரள எஸ்டேட்டுகளுக்கு ஜீப் கிளம்பும் இடத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர் கடை. உள்ளே ஒரு பலகை மேல் பேட்டரிகள் வரிசையாகப் படுத்திருக்கும். ஒவ்வொன்றின் நெற்றியிலும் சாக்பீஸால் வந்த தேதியும் வோல்ட்டும் எழுதியிருப்பார். பக்கத்தில் யாராவது சத்தமாகப் பேசினால், “மெதுவா, மெதுவா” என்பார். பேட்டரிகள் தூங்குகின்றன என்று நினைத்தாரோ என்னவோ.

முதல் தடவை நான் பைக்கைத் தள்ளிக்கொண்டு போய் நின்று, மூச்சு வாங்க, “பாய், பேட்டரி போச்சு” என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். “எங்க போச்சு?”

“இல்ல பாய், செத்துப்போச்சு.”

“தம்பி என்ன படிச்சிருக்கீக?”

“பி.எஸ்.ஸி. விலங்கியல்.”

“சரி. தவளை செத்துச்சான்னு கேட்டா நீங்க சொல்லுங்க. பேட்டரி செத்துச்சான்னு நான் சொல்றேன். அங்கன உக்காருங்க.”

சீட்டைக் கழற்றினார். பேட்டரியின் இரண்டு முனைகளிலும் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. முதலில் நெகட்டிவ் வயரைக் கழற்றினார், அப்புறம் பாசிட்டிவ். வெந்நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் துலக்கி, துணியால் ஈரம் போகத் துடைத்து, மீட்டரை வைத்துப் பார்த்தார். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். மேலே விரல் நுனியால் வாஸ்லின் பூசினார். பெற்ற பிள்ளைக்குப் பவுடர் போடுகிற மாதிரிதான் இருந்தது.

“இப்ப செல்ஃப் அடிங்க.”

ஒரே அமுக்கில் வண்டி உறுமியது.

“உடம்புல தெம்பு இருந்துச்சு தம்பி, வாய்தான் அடைச்சுப்போச்சு. உசுரோட இருக்கிறதப் போயி செத்துப்போச்சுன்னு சொல்லிட்டீகளே!” என்றார். நான் பேட்டரியிடம் மன்னிப்புக் கேட்காத குறை.

அலமாரியில் புதுப் பேட்டரிகளும் இருந்தன. ஆனால் அவரிடம் புதுப் பேட்டரி வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. பழையதற்கு எல்லாப் பரிசோதனையும் முடிந்து, இனி தேறாது என்று அவர் வாயால் சொன்னால்தான் புதுசு வெளியே வரும். மாதத்துக்கு ஒன்றுகூட விற்பதில்லை என்று கம்பெனி ஆள் ஒருநாள் வந்து அழாத குறையாகக் கேட்டார். “சாகாத ஆளுக்கு எப்படிய்யா பாடை கட்டுறது?” என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

குமுளிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து மலையாளத்தில் ‘பேட்டரி சத்துப் போயி’, அதாவது செத்துப்போச்சு, என்றாலும் அதே கதிதான். “சத்தோ இல்லயோன்னு ஞான் பறயாம்” என்று அவர் பாஷையிலேயே உட்கார வைப்பார்.

ஒரு திராட்சைத் தோட்டக்காரர் பைக்கின் முன்னால் ஆறு விளக்கும், பஸ் ஹாரன் ஒன்றும், பாட்டுப் பெட்டியும் மாட்டிக்கொண்டு வந்தார். மூன்று மாதத்துக்கு ஒரு பேட்டரி படுத்துவிடுகிறதாம். டாக்டர் பாய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“அண்ணே, இது பேட்டரியா, கரண்டு ஆபீஸா?”

பதில் வருவதற்குள் கட்டிங் பிளேயரை எடுத்துவிட்டார். விளக்குகளையும் ஹாரனையும் பாட்டுப் பெட்டியையும் கழற்றி ஒரு சிமெண்டுச் சாக்கில் போட்டுக் கையில் கொடுத்தார். “வீரபாண்டித் திருவிழாவுக்குக் கட்டிக்கிருங்க. வண்டிக்கு வேணாம்.” மீசை வைத்த பெரிய மனுஷர், சாக்கை மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் வண்டி ஓட்டிப் போனார்.

இப்படிப்பட்டவரிடம்தான் என் புதன்கிழமைச் சிக்கலைக் கொண்டுபோனேன். தேனி, போடி, பெரியகுளம் என்று வாரம் முழுக்கச் சுற்றுவேன், வண்டிக்கு ஒன்றும் ஆகாது. புதன்கிழமை கம்பம். அன்று சாயங்காலம் செல்ஃப் அடித்தால் ‘டிக் டிக்’ என்று மட்டும் கேட்கும். என் வண்டியில் கிக்கரும் கிடையாது. மதுரையிலிருந்து மேனேஜர் வந்திருந்த ஒரு புதன்கிழமை, கழுத்தில் டையோடு அவர் என் பைக்கைத் தள்ள வேண்டியதாகிவிட்டது. ஊருக்குக் கிளம்பும்போது சொன்னார்: “அடுத்த மாசமும் வருவேன். இன்னொரு தடவ தள்ள விட்டீங்கன்னா, உங்களை ராமநாதபுரத்துக்குத் தள்ளிருவேன்.”

ராமநாதபுரம் நல்ல ஊர்தான். ஆனால் எனக்குக் கம்பத்தை விட்டுப் போக முடியாத காரணம் ஒன்று இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

டாக்டர் பாய் இரண்டு மணி நேரம் சோதித்தார். முனைகள் சுத்தம். இன்ஜினை முறுக்கிப் பார்த்தார், சார்ஜ் சரியாக ஏறியது. சாவியை எடுத்த பிறகு கரண்டு எங்காவது ஒழுகுகிறதா என்று பார்த்தார், இல்லை. மீட்டரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

“வண்டி நல்லாருக்கு. எனக்கு ஆள் மேலதான் சந்தேகம்.”

அடுத்த புதன்கிழமை அவர் கடை பூட்டியிருந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வழக்கம்போல டாக்டர்களைப் பார்த்துவிட்டு, மருந்துக் கடைகளுக்குப் போய்விட்டு, சாயங்காலம் ஒரு மருந்துக் கடை வாசலில் செல்ஃப் அடித்தேன். ‘டிக் டிக்.’

எதிர்த்த டீக்கடையிலிருந்து டாக்டர் பாய் எழுந்து வந்தார். அங்கே உட்கார்ந்தால் நான் ஏறி இறங்குகிற கிளினிக்குகளும் மருந்துக் கடைகளும் அத்தனையும் கண்ணில் படும். கையில் ஒரு சிகரெட் அட்டை. அதன் பின்பக்கம் முழுக்கக் கோடு கோடாகப் போட்டிருந்தார்.

“காலையில இருந்து இருபத்தி மூணு தடவ செல்ஃப் அடிச்சிருக்கீக. ஓட்டுனது மூணு கிலோமீட்டர்கூட இருக்காது. இங்கன ஏறி அங்கன எறங்குறீக. ஒவ்வொரு அடிக்கும் பேட்டரி அள்ளிக் குடுக்குது. திரும்ப ஏத்திக்கிற அதுக்கு எங்க நேரம் விட்டீக?”

“வேலை அப்படி பாய்.”

“வேலையா? இருபத்தி மூணுல ஒம்பது தடவ இந்த ஒரே கடை வாசல்ல நின்னிருக்கீக. ஒம்பது தடவயுமா இவுக மருந்து கேட்டாக?”

தெருவே கேட்டது. கடைக்குள் பார்மசிஸ்ட் செல்வி நின்றிருந்தாள். நான் கம்பத்தை விட்டுப் போக முடியாத காரணம் அவள்தான். ஒரு வருடமாக ‘ஸ்டாக் இருக்கா’ என்பதைத் தவிர வேறு எதுவும் நான் அவளிடம் பேசியதில்லை. பூமி பிளந்தால் பைக்கோடு இறங்கிவிடலாம் என்று தோன்றியது.

செல்வி கையிலிருந்த மாத்திரை அட்டையை எண்ணி முடித்து, டப்பாவில் போட்டு, மூடினாள். அப்புறம் சொன்னாள்:

“ஒம்பது இல்ல பாய், பதினொண்ணு. நீங்க கைகழுவப் போனப்ப ரெண்டு தடவ வந்தாக.”

டாக்டர் பாய் காதிலிருந்த பேனாவை எடுத்து நிதானமாக இன்னும் இரண்டு கோடு போட்டார். “அப்ப இருபத்தஞ்சு” என்றார்.

எனக்கு மருந்தும் எழுதிக் கொடுத்தார். கம்பத்தில் வண்டியை ஒரே இடத்தில் நிறுத்த வேண்டும், மிச்சத்துக்கு நடை. மேனேஜர் வந்த அன்று அப்படியே செய்தேன். வெயிலில் டையோடு நடந்து மனுஷர் வேர்த்துக் கொட்டினார். ஆனால் சாயங்காலம் வண்டி ஒரே அமுக்கில் கிளம்பியது. ராமநாதபுரம் தப்பித்தது.

மறு புதன்கிழமை, எதற்கும் ஒரு தடவை முழுசாக சார்ஜ் ஏற்றிவிடலாம் என்று என் பேட்டரியைக் கழற்றி வைத்தார் டாக்டர் பாய். அரை மணி நேரத்தில் செல்வி தன் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவள் பேட்டரியையும் கழற்றி என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தார்.

“ரெண்டும் மெதுவாத்தான் ஏறணும். அவசரப்பட்டா கெட்டுப்போகும். நாலு மணி நேரம் ஆகும் தாயி, உக்காரு. தம்பி, கடையப் பாத்துக்கிருங்க, நான் தொழுதுட்டு வாறேன்.”

சந்தின் முனையில்தான் பள்ளிவாசல். திரும்பி வர அவருக்கு இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குள் ‘ஸ்டாக் இருக்கா’ தவிர நிறையப் பேசிவிட்டோம்.

கல்யாணம் முடிந்து பல மாதம் கழித்துத்தான் செல்வி ஒரு விஷயம் சொன்னாள். அன்று அவள் ஸ்கூட்டரில் ஒரு முனை லூசாக இருந்தது, அவ்வளவுதான். டாக்டர் பாய் கண்டுபிடித்து முறுக்கிவிட்டார், வண்டியும் கிளம்பிவிட்டது. அப்புறம் உள்ளே எட்டி என்னைப் பார்த்துவிட்டு, “சார்ஜ் கம்மியா காட்டுது தாயி” என்று மறுபடி கழற்றினாராம்.

ஓடிப்போய் அவரிடம் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “மீட்டர் ஒரு நா தப்பாக் காட்டும். மிஷின்தான? போய் வேலையப் பாருங்க.”

பிறகு எனக்குப் பதவி உயர்வு வந்து மதுரைக்குப் போய்விட்டேன். பைக் போய்க் கார் வந்தது. போன மாதம் ஒரு வேலையாகக் கம்பம் வந்தவன், அந்தச் சந்துக்குள் நடந்தேன்.

“வண்டிக்கு என்ன?” என்றார், என்னைப் பார்த்ததும்.

“வண்டி நல்லாருக்கு பாய்.”

“செல்வி ஸ்கூட்டரா?”

“அதுவும் நல்லாருக்கு.”

“அப்ப என்னாத்துக்கு வந்தீக?”

“உங்களப் பாக்கத்தான்.”

அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மீட்டரைக் கையில் எடுத்தார், கீழே வைத்தார். ஸ்டூலில் இருந்த பேட்டரியைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு, ஸ்டூலைத் துண்டால் இரண்டு தடவை துடைத்தார். எதிர்க் கடைக்கு இரண்டு டீ சொன்னார்.

டீ பாதி இருக்கும்போது ஒருவர் வேர்க்க விறுவிறுக்க பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். டாக்டர் பாய் எழுந்திருக்கவில்லை.

“செத்த நில்லுய்யா. நம்ம வீட்டுப் புள்ள வந்திருக்கு.”

நான் மிச்ச டீயை மெதுவாகக் குடித்தேன்.