கலரண்ணே வைத்த பேர்

ஒரே கலருக்கு ஒன்பது பேர் வைத்து ஒன்பது பேரிடம் விற்றுவிடுகிற ஆள் மதுரையிலேயே கலரண்ணே ஒருத்தர்தான். கோயில் பக்கத்து ஜவுளிக்கடையில் சேலை விரித்துப் போட்டே தலை நரைத்தவர். ஒரே சேலையை மாமியாரிடம் 'அரக்கு' என்பார், மருமகளிடம் 'ஒயின்' என்பார். இரண்டு பேரும் சண்டையில்லாமல் ஆளுக்கொன்று வாங்கிப் போவார்கள். அந்தக் கடையில் அப்போது மோர் கொடுப்பார்கள். அந்த இஞ்சி வாசனை... சரி, அது கிடக்கட்டும்.

தல்லாகுளத்தில் நான் வாட்ச்மேனாக இருக்கும் அடுக்குமாடிக்குத்தான் ரிட்டயரான பிறகு குடிவந்தார். கேட்டிலிருந்து லிஃப்ட் வரை அங்கே ஒரு நடைபாதை. பொடிக்கல்லை ரெசின் என்ற பசையில் குழைத்துப் பரப்பியது. கல்லும் கறுப்பு, ஓரத்துப் படியும் கறுப்பு. பொழுது சாய்ந்தால் என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு சாயங்காலம் செயலாளர் வீட்டுத் தயிர்ப் பாத்திரத்தோடு விழுந்தேன். உடனே கூட்டம் போட்டார்கள்.

"வாட்ச்மேனை மாத்திருவோம்" என்றார் செயலாளர்.

"ஏன், பாதையோட கலரை மாத்துங்க. வெளுப்பா இருந்தா மாப்ள ஏன் விழுகப் போறாரு?" என்றார் கலரண்ணே. கிழவனான என்னையும் அவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவார்.

என்ன கலர் என்று பேச ஆரம்பித்தார்கள். செங்கல் கலர் என்றால் ஒரு கட்சி. பச்சை என்றால் இன்னொரு கட்சி. மஞ்சள் என்றதும் ஒருத்தர், "அது எங்க எதிர்ச் சங்கத்துக் கொடில்ல!" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். கடைசியில் எல்லாக் கட்சிக்கும் ஒத்துப்போன ஒரே விஷயம், வாட்ச்மேனை மாற்றுவதுதான். மாசக் கடைசி வரை எனக்குக் கெடு.

"இருங்க மாப்ள, வாரேன்" என்று போன கலரண்ணே, வெளுப்புக் கலர் பூசின ஒரு சாம்பிள் கல்லைச் சேலைக் கவருக்குள் வைத்துக்கொண்டு வந்தார். என்னையும் இழுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறினார்.

தினம் கோயிலுக்குப் போகிறவரிடம், "சந்தனம். அழகருக்குச் சாத்துவாகள்ல, அதே கலரு" என்றார்.

அமெரிக்காவிலிருந்து வந்த தம்பியிடம், "ஐவரி, தம்பி. அங்கிட்டுப் பூராம் இதான!"

கட்சிக்காரரிடம், "உங்க தலைவர் துண்டு இருக்குல்லண்ணே, அதைத் துவைச்சு எடுத்தா வருமே, அந்தக் கலரு."

செயலாளரிடம் மட்டும் குரலைத் தாழ்த்தினார். "இது செகரட்டரி ஷேடு. இன்னும் கடைக்கே வரல."

எல்லாக் கதவும் தலையாட்டியது.

ஆட்கள் வந்து பாதையைக் கழுவிக் காயவைத்தார்கள். கலர் கலந்த ரெசினை உருளையால் உருட்டி, வழுக்காமலிருக்க மணல் தூவினார்கள். காய்கிற வரை கலரண்ணே குடையோடு காவல் நின்று, பூனையைக்கூட அதட்டினார். வாட்ச்மேன் நான் சும்மா நின்றேன்.

மறுநாள் எல்லோரும் இறங்கி வந்து பார்த்தார்கள். "சந்தனம் நல்லாருக்கு." "யோவ், இது ஐவரி." "செகரட்டரி ஷேடுய்யா!" ஒரே கூச்சல்.

"காஞ்சிருச்சு. இனி என்ன பேசி என்ன?" என்று கலரண்ணே குடையை மடக்கினார்.

இப்போது அவர் இல்லை. பாதை என்ன கலர் என்று கூட்டத்தில் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால், கண் சரியில்லை என்று நழுவிவிடுவேன். பொழுது சாய்ந்தால் படி கறுத்து, பாதை மட்டும் தனியாக வெளுத்துத் தெரியும். அதில் கால் வைக்கும்போதெல்லாம், பக்கத்தில் யாரோ "பாத்து வாங்க மாப்ள" என்கிற மாதிரியே இருக்கும்.