பாலாறு புலி விஷயமாக என் விளக்கம்

சௌபாக்கியவதி எழிலரசிக்கு, ஆம்பூரிலிருந்து தாய்மாமன் முனிரத்தினம் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அத்தை மோகனாவும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளை நவீன்குமாரும் சுகம்தானே? மாப்பிள்ளை தினமும் சாயங்காலம் மொட்டைமாடியில் வாக்கிங் போவதாக அக்கா சொன்னாள். மனசு குளிர்ந்தது. தொப்பை குறைந்ததா என்று எழுது.

நிற்க. நம் ஆன்லைன் துப்பாக்கி விளையாட்டு குரூப்பில் என் வாயை அடைத்துவிட்டாய், போனையும் எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால்தான் காகிதம். ஷூ கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்து ஊருக்கே மெமோ கொடுத்தவன் நான். எனக்கே நீ, "புதியவர்களை மனம் நோகப் பேசினார், ஞாயிற்றுக்கிழமைக்குள் விளக்கம் தராவிட்டால் நீக்கம்" என்று மெமோ கொடுப்பதா? உனக்குக் காது குத்தியபோது மடியில் உட்காரவைத்து உதை வாங்கியவனம்மா நான்!

"புதுசா வர்றவங்களுக்கு அன்பா சொல்லிக் குடுங்க" என்று ரூல் போட்டதே நீதானே? சொல்லித்தான் கொடுத்தேன். பாலாறு புலி என்று பேர் வைத்துக்கொண்டு ஒருத்தன் வந்தான். எங்க கம்பெனியில புது ஆள் சேர்ந்தா ஒரு வாரம் மெஷினைத் தொட விடமாட்டோம், கையைப் பின்னால கட்டிக்கிட்டு சீனியர் பக்கத்துல நின்னு பாக்கணும், இல்லன்னா ஊசி விரல்ல ஏறிடும். அதையேதான் இவனுக்கும் டைப் அடித்தேன்: "துப்பாக்கியைத் தொடாதே தம்பி, என் பின்னாடி நின்னு பாரு." அந்த மரமண்டை நின்றான். எதிரி வந்தான், இவன் நின்றான். அவன் சுட்டான், இவன் செத்தான், மறுபடி பிறந்து வந்து அதே இடத்தில் நின்றான். திருப்பத்தூர் டீமிடம் தோற்றுப் போனோம். உடனே நீ மைக்கில் போட்ட சத்தத்தில் உன் அத்தை கரண்டியோடு ஓடிவந்து, "இன்னாங்க, யார் வீட்ல சண்டை?" என்றாள்.

சரி, திருத்தலாம் என்று அவன் நின்ற போட்டோவில் தப்பு இருந்த இடமெல்லாம் சிவப்பு வட்டம் போட்டு குரூப்பில் விட்டேன். அது அவமானமாம்! தோல்ல கீறல் இருந்தா வட்டம் போடாம எப்படி சரி பண்றது? எந்தத் தோலாவது அழுதிருக்குதா? இதுல அவன் கல்யாணமானவன் வேற. "பொண்டாட்டி கூப்பிடறா, அப்புறம் வர்றேன்" என்று டைப் அடித்துவிட்டுப் பாதியில் ஓடுவான். இவனுக்கும் ஒரு பெண்ணைப் பார்த்து முடித்துவைத்தானே ஒரு புண்ணியவான், அவன் கையில் கிடைத்தால் ரிஜெக்ட் ஆன ஷூவாலேயே நாலு சாத்து சாத்துவேன்.

என்னை நீக்கிடாதேம்மா. ரிட்டயர்டு ஆன பிறகு "அங்கிள், இது எப்படி?" என்று என்னைக் கேட்பதற்கு அந்த குரூப்பை விட்டால் நாதியில்லை. டிவியையே பார்த்துக்கொண்டு எத்தனை நாள் உட்காருவேன், பேஜாராகிறது.

வீட்டில் சிரிப்பும் விளையாட்டில் ஜெயமும் உங்களை விட்டு நகராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமன் முனிரத்தினம்

பி.கு.: கவரை ஒட்டும் முன் ஒரு ஆட்டம் போடலாமென்று உள்ளே போனேன். பாலாறு புலி முதன்முதலாக மைக்கைப் போட்டு, "மாமா, இன்னிக்காவது துப்பாக்கியைத் தொடட்டா?" என்றார். ஆமாம், 'என்றான்' இல்லை, 'என்றார்'. அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? மொட்டைமாடியிலிருந்துதான் பேசினார். "எழில் கிட்ட கேட்டா தெருவே கூடற மாதிரி கத்தறா. நீங்க திட்டினாலும் சொல்லிக் குடுக்கறீங்க மாமா" என்றார். ஜோலார்பேட்டை ஸ்டேஷனிலேயே அவரைப் பார்த்துப் பிடித்துப்போய் உனக்கு முடித்துவைத்த புண்ணியவான் நானேதான் என்பதால், ஷூ சாத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மேலே 'மரமண்டை' என்று எழுதியதையும் அடித்துவிட்டு, கடிதத்தை மாப்பிள்ளை கண்ணில் படாமல் கிழித்துப் போடு. இனி சாயங்காலத்தில் மாடிக்கு ஏறாதே. ஏறித்தான் தீருவேன் என்றால் ஒரு வாரம் வாயைத் திறக்காமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்.