பீமனுக்குச் சதை போட வைத்த சிறுத்தை

ஒரு காட்டில், போனுக்கு டவர் கிடைக்கும் ஒரே பாறைக்கு அடியில், செவலை என்ற நாய் தன் குட்டியோடு குடியிருந்தாள். ஊரில் அவளை வளர்த்தவர்கள் மாற்றலாகிப் போகும்போது இருவரையும் காரில் கொண்டுவந்து செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டார்கள். மனசாட்சி உறுத்தாமல் இருக்க ஒரு மூட்டை குட்டிநாய்த் தீனியையும் இறக்கிவைத்தார்கள். கடலை மாதிரி கடகடவென்று உருளுமே, அந்தக் காய்ந்த தீனி.

குட்டியின் பெயர் பீமன். பெயரைக் கேட்டுவிட்டு ஆளைப் பார்ப்பவர்கள் இருமுவதுபோல் பாவனை செய்து வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். எலும்பின் மேல் தோலைக் காயப்போட்டதுபோல் இருப்பான். தீனியில் இரண்டு உருண்டையைக் கடிப்பான், மூன்றாவதை உருட்டி விளையாடுவான், அப்படியே தூங்கிவிடுவான்.

பெற்ற மனசு கேட்குமா? காட்டில் எல்லோரையும்போல் செவலையும் ஒரு போன் வைத்திருந்தாள். 'காட்டுத் தாய்மார் நலச் சங்கம்' என்ற வாட்சப் குழுவில், பையனுக்குச் சதையே பிடிக்கவில்லை, தீனியோடு என்ன சேர்க்கலாம் என்று கேட்டாள். அவள் செய்த பெரிய தப்பு அதுதான்.

போனைக் கீழே வைப்பதற்குள் கரடி கருப்பாயி நேரில் வந்துவிட்டாள். கையில் ஒரு பிடி உலர்ந்த திராட்சை. தன் பிள்ளைகளெல்லாம் இதைத் தின்றுதான் மலைபோல் வளர்ந்தன என்றாள். அவள் பிள்ளைகள் கரடிகள் என்பது அந்த நேரத்தில் இருவருக்கும் தோன்றவில்லை. அடுத்து குரங்கு சிங்காரம், சுற்றுலா வந்த யாரோ ஒருவர் பையிலிருந்து எடுத்த சாக்லேட்டைக் கொண்டுவந்தான். காட்டுப்பன்றி வீட்டிலிருந்து வெங்காயம் மிதக்கும் பிரியாணி வந்தது.

செவலைக்கு உள்ளுக்குள் ஏதோ இடித்தது. ஆனால் பிரியத்தோடு நீட்டுகிறவர்களிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? எல்லாவற்றையும் தீனியில் பிசைந்து வைத்தாள். பீமன் பிறந்ததிலிருந்து அப்படிச் சாப்பிட்டதில்லை. கிண்ணத்தை நக்கித் துடைத்தான். கருப்பாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பொழுது சாய்வதற்குள் பீமன் வாந்தியெடுக்க ஆரம்பித்தான். வயிறு போனது. கால்கள் வெடவெடவென்று நடுங்கின. செவலை குழுவில் எழுதினாள். கூப்பிய கைகள் வந்து குவிந்தன. யாரோ ஒருவர் திருஷ்டி என்றார். குரங்கு, இன்னொரு சாக்லேட் கொடுத்தால் தெம்பு வரும் என்று எழுதினான்.

அந்த நேரத்தில் டவர் தேடிப் பாறைக்கு வந்தார் சிறுத்தை மாசிலன். உடம்பெல்லாம் புள்ளியோடு பிறந்த பிள்ளைக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் அவருடைய பெற்றோர். அவரைக் குறை சொல்வதில் பயனில்லை. குட்டியைப் பார்த்தார், கிண்ணத்தை மோந்து பார்த்தார், முகம் சுளித்தார்.

"ஏம்மா, இவனுக்குக் கொஞ்சம் சதை பிடித்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று நான் விட்டுவைத்திருந்தேன்" என்றார். "நீ இப்படிச் செய்தால் எனக்கு என்ன மிஞ்சும்?"

தன் பிள்ளையைப் பற்றி அன்றைக்கு உண்மையாகக் கவலைப்பட்ட முதல் ஆள் அவர்தான் என்று செவலைக்குத் தோன்றியது. பயத்தோடுகூட ஒரு ஆறுதலும் வந்தது.

மாசிலன் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு ஆந்தை டாக்டரின் கிளினிக்குக்கு நடந்தார். செவலை பின்னால் ஓடினாள். கிளினிக்கில் ஆலமரத்தைச் சுற்றி டோக்கனோடு வரிசை நின்றது. மாசிலன் ஒழுங்காக வரிசையின் கடைசியில் போய் நின்றார். முன்னால் நின்ற முயல் திரும்பிப் பார்த்தது. அதற்கு முன்னால் நின்ற மானும் திரும்பிப் பார்த்தது. டாக்டர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டபோது வரிசையில் இவர்கள் மட்டும்தான் இருந்தார்கள்.

டாக்டர் ஊசி போட்டார், மருந்து ஏற்றினார். திராட்சை, சாக்லேட், வெங்காயம் மூன்றும் நாய்க்கு விஷம் என்றார். வாந்தியில் பெரும்பகுதி வெளியே வந்ததால் பிழைத்தான் என்றார். சில நாள் அங்கேயே படுக்கவைத்து, தேறியதும் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார். பூச்சியை வைத்துக்கொண்டு பிள்ளைக்குப் போடுவதெல்லாம் பூச்சிக்குத்தான் போகும் என்று சொல்லி அனுப்பினார்.

தீனி விஷயத்தில் அவர் சொன்னது எளிமையானது. வயிறு நிறைய வேண்டியது குட்டிகளுக்கான அந்தத் தீனியால்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, சிறிது சிறிதாகப் பல வேளை கொடுக்க வேண்டும். மேலே சேர்ப்பது பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது: உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்து எலும்பெடுத்த கோழி, அவித்த முட்டை, மசித்த பூசணி. புதிதாக ஒன்றைச் சேர்த்தால் சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. வெந்த எலும்பும் பூண்டும் கிட்டவே வரக்கூடாது.

இதைக் குழுவில் போட்டதும் எல்லோரும் கட்டைவிரல் காட்டினார்கள். மறுநாளே கருப்பாயி ஒரு கொத்துத் திராட்சையோடு வந்தாள். ஒன்றே ஒன்று கொடுத்தால் என்ன ஆகிவிடும், டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்றாள். வாசலில் படுத்திருந்த மாசிலன் கொட்டாவி விட்டார். அந்தக் கொட்டாவியில் பற்கள் அத்தனையும் தெரிந்தன. கருப்பாயிக்கு வீட்டில் அடுப்பில் வைத்தது நினைவுக்கு வந்துவிட்டது.

அன்றிலிருந்து மாசிலன் அங்கேயே காவலிருந்தார். வனத்துறை விடுதியில் ஒரு அதிகாரிக்கு ரத்த அழுத்தம். அவருக்கென்று உப்பில்லாமல் அவித்த கோழியையும் முட்டையையும் பூசணியையும் அந்த அதிகாரி சாப்பிடாமல், சத்தமில்லாமல் கொல்லைப்பக்கம் தள்ளிவிடுவார். செவலை அதைக் கொண்டுவருவாள். வெங்காயமோ பூண்டோ ஒளிந்திருக்கிறதா என்று மாசிலன் முதலில் ருசி பார்ப்பார். பீமனுக்குப் பத்தில் ஒரு பங்கு கணக்கில் கிண்ணத்தில் போடுவார். மிச்சம் வீணாகப் போகக்கூடாதே என்று தானே சாப்பிட்டுவிடுவார்.

செவலை இதைக் கவனித்தாள். நாளுக்கு நாள் கூடுதலாகக் கொண்டுவந்தாள். அதிகாரியின் சமையல்காரர், ஐயாவுக்குப் பசி நன்றாக எடுக்கிறது என்று இன்னும் அதிகமாக அவித்தார்.

பீமனுக்கு மெல்ல மெல்லச் சதை பிடித்தது. முடி பளபளத்தது. அடிக்கடி மாசிலன் முன்னங்காலால் அவன் விலாவைத் தடவிப் பார்ப்பார். தடவினால் எலும்பு தட்டுப்பட வேண்டும், பார்த்தால் தெரியக்கூடாது என்பது அவர் கொள்கை. ஒருநாள் தடவிவிட்டு, மறுபக்க விலாவையும் தடவிப் பார்த்தார்.

செவலை கேட்டாள். "ஐயா, பதமாகிவிட்டானா?"

"ஆகிவிட்டான் அம்மா" என்றார் மாசிலன். "இதைவிட நன்றாக யாரும் வளர்த்திருக்க முடியாது. நாளைக் காலை."

அன்றிரவு செவலை பிள்ளையை அணைத்துக்கொண்டு கிடந்தாள். இந்த உடம்பு ஓடுமா, எவ்வளவு தூரம் ஓடும் என்று யோசித்துக்கொண்டே இருந்தாள். விடிந்ததும் பீமனைத் தட்டி எழுப்பி, மாசிலன் மாமா விளையாட வருகிறார், அவர் கையில் சிக்காமல் ஓடவேண்டும், அதுதான் ஆட்டம் என்றாள். வழக்கத்தைவிடப் பெரிய கோழி ஒன்றையும் வாசலில் வைத்தாள். மாசிலன் எழுந்து வந்தார், பழக்கதோஷத்தில் ருசி பார்த்தார், மிச்சத்தையும் முடித்தார். பிறகு பாய்ந்தார்.

பாய்ந்தார் என்பது அவர் மனதில். வயிறு பாறையில் இடித்து, பக்கத்தில் சரிந்தார். எழுந்து துரத்தினார். பீமன் புளியமரத்தைச் சுற்றி, ஓடையைத் தாண்டி, மேட்டில் ஏறி, மாமா வரவில்லையே என்று திரும்பி வந்து பார்த்துவிட்டு மறுபடி ஓடினான். மாசிலன் ஓடைக்கரையில் உட்கார்ந்து நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கினார். பீமன் வந்து அவர் முகத்தை நக்கினான். அப்போதும் அவரால் வாயை மூச்சுவிட மட்டும்தான் திறக்க முடிந்தது.

செவலை தள்ளி நின்றாள். நன்றாக ஓடுகிறான் என்று மாசிலன் திணறிக்கொண்டே சொன்னார். அதில் கோபத்தைவிடப் பெருமைதான் கூடுதலாக இருந்தது. சற்று நேரம் கழித்து, மதியத்துக்குக் கோழி உண்டா என்று கேட்டார்.

அவரைத் துரத்திவிடலாமா என்று செவலை யோசித்தாள். அதற்குள் பாறைப்பக்கம் கருப்பாயியின் குரல் கேட்டது. பிள்ளை இளைத்துப்போய்விட்டதாகக் கேள்விப்பட்டு, எல்லோருமாகச் சேர்ந்து பால்கோவா கிண்டிக் கொண்டுவந்திருந்தார்கள்.

"உண்டு ஐயா" என்றாள் செவலை. "வந்து வாசலில் படுத்துக்கொள்ளுங்கள்."

நீதி: பிள்ளையைத் தின்ன வருபவரிடமிருந்து ஓடித் தப்பிக்கலாம், பிரியமாக ஊட்ட வருபவரிடமிருந்து தப்பிக்கவே முடியாது. ஆகவே வாசலில் ஒரு சிறுத்தையைப் படுக்க வையுங்கள். அதற்கு மட்டும் அளவில்லாமல் சோறு போடுங்கள்.