புருஷோத்தமன் பூட்டுன ஃபோல்டர்

புருஷோத்தமன் அன்னிக்கு ஒரு முடிவு எடுத்தாரு. தலையே போனாலும் சரி, மச்சான் ஹரிகிருஷ்ணன் தாலி கட்டுனப்போ தான் எங்க இருந்தோம்ங்கறத மட்டும் வாயத் தொறந்து சொல்லக் கூடாது.

எங்க இருந்தாரு? பந்தியில. நெல்லித்தோப்புல சொந்தமா ஸ்டுடியோ வெச்சிருக்கற மனுஷன், பொண்டாட்டியோட கூடப்பொறந்த தம்பி கல்யாணத்துக்குக் கேமராவ மாட்டிக்கிட்டுப் போனவரு. 'ஐயரு இப்போதைக்கு முடிக்க மாட்டாரு, ஒரு பொங்கல் வடைய முடிச்சிட்டு வந்துடலாம்'னு கீழ எறங்கினாரு. ரெண்டாவது வடைய சாம்பார்ல போட்டப்போ மேல கெட்டிமேளம் கொட்டுச்சு. எலைய வுட்டுட்டு ஓடியிருக்கலாம். ஓடல. வடை ஊறுச்சு.

பேருல புருஷன் இருக்கு, உத்தமனும் இருக்கு. ரெண்டாவதுதான் கொஞ்சம் இடிக்குது.

அதுலேர்ந்து யாரு கேட்டாலும் 'எடிட்டிங்ல இருக்கு'. எத்தன நாளைக்கு? மாமனார் கலியபெருமாள் வீராம்பட்டினத்துலேர்ந்து கெளம்பிட்டேன்னு போன் பண்ணிட்டாரு. கூடவே ஹரியும் புதுப்பொண்ணும். ஆல்பத்துக்கு போட்டோ பொறுக்கணுமாம். கலியபெருமாளுக்குக் கோவம் வந்தா கத்த மாட்டாரு. சும்மா பாப்பாரு. அதுக்கு அவரு கத்தியே தொலைக்கலாம். விஷயம் வெளிய வந்தா, தாலிய வுட்டுட்டு வடை தின்ன மாப்ளன்னு ஊரே சொல்லும். தேர்த் திருவிழாவுக்கு வருசா வருசம் அந்த ஊருக்குப் போயாவணும்.

ஸ்டுடியோ கம்ப்யூட்டர்ல 'ஹரி கல்யாணம்'னு ஒரு ஃபோல்டர். அதுக்குள்ள நலங்கு, முகூர்த்தம், ரிசப்ஷன்னு மூணு. முகூர்த்தம் காலி. அத அழிச்சிட்டாப் போச்சேன்னு கேப்பீங்க. அந்த ஃபோல்டர உண்டாக்குனதே பொண்டாட்டி சுமலதா. அழிச்சா முதல் கேள்வி அவகிட்டேர்ந்துதான் வரும்.

அதனால இன்டர்நெட்ட நோண்டி ஒரு வித்தைய புடிச்சாரு. புதுசா ஒரு ஷார்ட்கட். அதோட டார்கெட்னு இருக்கற எடத்துல எக்ஸ்ப்ளோரர், ஒரு சாய்கோடு, ரூட், ஒரு கமா, அப்புறம் ரிசப்ஷன் ஃபோல்டரோட விலாசம். அமுக்குனா ரிசப்ஷன் மட்டும்தான் தொறக்கும். அதுக்கு மேல ஒண்ணு இருக்குன்னே அந்தப் பழைய கம்ப்யூட்டர் காட்டாது. மேல ஏற ஏணியே கெடையாது. அமுக்கிப் பாத்தாரு. தொறந்துச்சு. மேல போகல. ஏதோ ராக்கெட் வுட்ட மாதிரி மீசையத் தடவிக்கிட்டாரு.

"இன்னா பண்றீங்க?"

பின்னால சுமலதா.

"ஷார்ட்கட் போடறேன். உங்கப்பாவுக்கு சுலபமா இருக்கட்டும்னு."

"எங்கப்பா மவுஸையே தொட மாட்டாரு."

"நான்தான் அமுக்குவேன்."

"நீங்க அமுக்கறதுக்கு அவருக்கு எதுக்கு சுலபம்?"

புருஷோத்தமன் மானிட்டரத் தொடைக்க ஆரம்பிச்சாரு.

"சரி, முகூர்த்தம் எங்க?"

"சென்னை லேப்ல இருக்கு."

"நேத்து எடிட்டிங்ல இருக்குன்னீங்க."

"எடிட்டிங்கே சென்னையிலதான் பண்றாங்க."

"அப்போ நீங்க இங்க இன்னா பண்றீங்க?"

"மேற்பார்வை."

சுமலதா நாற்காலிய இழுத்துப் போட்டு எதிர்ல ஒக்காந்தா. கொரல எறக்கினா. "ஏங்க, எதுனா தப்பு நடந்திருந்தா இப்பவே சொல்லிடுங்க. அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்."

கதவத் தொறந்து வெச்சு, உள்ள வாங்கன்னு கூப்புடற மாதிரிதான் கேட்டா. வேற எந்த மனுஷனா இருந்தாலும் கால்ல வுழுந்திருப்பான். இவரு கால்மேல கால் போட்டாரு.

"இதெல்லாம் டெக்னிக்கல் மேட்டர் சுமா. உனக்குப் புரியாது."

எங்கேர்ந்துதான் வருமோ இந்தத் திமிரு. அதே கம்ப்யூட்டர்ல முதுகு ஒடிய ஒக்காந்து ஆல்பம் டிசைன் பண்றதே அவதான். இவரு அதுல ஒழுங்காத் தொறக்கறது சீட்டாட்டம் ஒண்ணுதான்.

சுமலதா அவரக் கொஞ்ச நேரம் பாத்தா. சாட்சாத் கலியபெருமாளோட பார்வை.

"சரி. போய் பால் வாங்கிட்டு வாங்க. வர்றவங்களுக்கு காபி போடணும்."

பாலோட திரும்பி வந்தப்போ மூணு பேரும் உள்ள ஒக்காந்திருந்தாங்க. மாமனாரு கஸ்டமர் ஒக்கார்ற ஸ்டூல்ல, பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்த மாதிரி வெறப்பா.

"காட்டுங்க மாப்ள."

"தோ மாமா. ஆனா ரிசப்ஷன் மட்டும்தான் வந்திருக்கு. மத்ததெல்லாம் சென்னையில..."

டபுள் கிளிக் பண்ணாரு. தொறந்தது ரிசப்ஷன் இல்ல.

முகூர்த்தம்.

அதுவும் காலியா இல்ல. நெறைய போட்டோ. ஹரி தாலி கட்றான், ஐயரு கைய தூக்கறாரு, அட்சத பறக்குது. எல்லாம் பளிச்னு இருக்கு. புருஷோத்தமனுக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. யாரு எடுத்தா இன்னா, தப்பிச்சோம்டா சாமின்னு மூச்சு வுட்டாரு. அப்போதான் கடைசி போட்டோ மட்டும் நீலக் கட்டத்துக்குள்ள நிக்கறதப் பாத்தாரு. அது மேடை இல்ல, பந்தி. சட்டுனு மவுஸ நகத்தப் போனாரு.

"அது இன்னாது மாமா, தனியா நீலமா?" ஹரி எட்டி மவுஸ வாங்கி அமுக்கினான்.

திரை முழுக்க புருஷோத்தமன். எதிர்ல எல. கழுத்துல கேமரா. வாய் நெறைய வடை. பரிமார்றவன்கிட்ட கேசரிக்கு நீட்டுன கை.

புதுப்பொண்ணு முந்தானையால வாயப் பொத்திக்கிட்டா.

"மேடையில கேமராமேனக் காணோம்னு நம்ம சின்ன கேமராவுல நான் எடுத்தேன்"னா சுமலதா. "எடுத்து முடிச்சிட்டு உங்களுக்கு இன்னா ஆச்சோன்னு பதறித் தேடிக்கிட்டு வந்தா, இந்தக் காட்சி. நீங்களா சொல்லுவீங்கன்னு இத்தன நாளா பொறுத்துப் பாத்தேன்."

"ஷார்ட்கட்ட... எப்படி..." புருஷோத்தமன் இழுத்தாரு.

"நீங்க பாலுக்குப் போனப்போ போட்டோவெல்லாம் உள்ள போட்டுட்டு, ரூட்னு இருந்தத செலக்ட்னு மாத்துனேன். எந்த போட்டோ விலாசம் குடுக்கறோமோ, நேரா அது முன்னால கொண்டாந்து நிறுத்தும். டெக்னிக்கல் மேட்டர்தான். ஆனா ரைட் கிளிக் பொம்பளைங்களுக்கும் வேல செய்யுது."

கலியபெருமாள் திரையப் பாத்தாரு. மாப்ளயப் பாத்தாரு. மறுபடி திரையப் பாத்தாரு. புருஷோத்தமன் பால் பாக்கெட்ட நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நின்னாரு.

"சுமா, அடுத்த மாசம் உன் அக்கா வூட்டு காதுகுத்துக்கு நீயே வந்து எடுத்துடு." மாமனாரு மெதுவா எழுந்து வேட்டியச் சரி பண்ணாரு. "நீங்க நேரா பந்திக்கு வந்துடுங்க மாப்ள."