ஒரிஜினல் அண்ணாச்சியின் மௌன விரதம்

கடவுள் படைத்த இந்த உலகத்தில் ஒரிஜினல் என்று சொல்லத்தக்கவை ஏழெட்டுதான் மிஞ்சியிருக்கின்றன, அதில் ஒன்று தான்தான் என்று மனப்பூர்வமாக நம்பிய மனிதர் ஒருவரோடு, இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நான் தினமும் அஜ்மானிலிருந்து துபாய்க்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வந்தேன். போக வர நாலு மணி நேரம். ஆயுள் தண்டனைக் கைதிக்குக்கூட நடுநடுவே பரோல் உண்டு. எங்களுக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான்.

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் பாஸ்போர்ட்டில் இருந்தது. பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டதால் பெயரும் அதோடு போய்விட்டது. அஜ்மானில் இருந்த தொழிலாளர் கேம்ப்பிலும் சைட்டிலும் அவர் ஒரிஜினல் அண்ணாச்சி. சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். கான்கிரீட்டுக்குப் பலகை அடைக்கும் ஷட்டரிங் ஃபோர்மேன். நான் அதே கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். வாடகை குறைவு என்று குடும்பத்தோடு அஜ்மானில் குடியிருந்தேன். டிரைவிங் டெஸ்டில் அமீரகமே அசந்துபோகிற அளவுக்குத் தோற்றிருந்ததால் எனக்கு அந்த பஸ்ஸை விட்டால் கதியில்லை.

அண்ணாச்சியின் உயிர் நையாண்டி மேளத்தில் இருந்தது. நாதஸ்வரம், தவில், பம்பை, உறுமி. இவ்வளவு இருந்தால் ஒரிஜினல். கீபோர்டு ஒன்று பக்கத்தில் வந்து நின்றுவிட்டால் டூப்ளிகேட். இந்த ஒரே சட்டத்தை வைத்து அவர் சகலத்தையும் அளந்தார். டப்பாப் பால் ஊற்றிய டீ டூப்ளிகேட். நடக்க விடாமல் வண்டியில் ஏற்றிக் கூட்டிப்போகிற ஒட்டகம் டூப்ளிகேட். சைட்டில் இருந்த எகிப்துக்கார எஞ்சினியர்கூடக் கொஞ்ச நாளில் கான்கிரீட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஹாதா டூப்ளிகேட்", இது டூப்ளிகேட் என்று முகம் சுளிக்க ஆரம்பித்துவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். கூடத்தில் என் மகளுடைய கீபோர்டு இருந்தது. அண்ணாச்சி அதைப் பார்த்தார். இலையைத் தூக்கிக்கொண்டு திரும்பி, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார். சுவரைப் பார்த்தபடியே என் மனைவியிடம் ரசம் நன்றாக இருக்கிறது என்றார். என் மனைவிக்கு அவர் தன்னிடம் பேசுகிறாரா, சுவரிடம் பேசுகிறாரா என்று கடைசிவரை புரியவில்லை.

இன்னொரு தடவை கம்பெனி ஆண்டு விழா. மேடையில் ஒரு இசைக்குழு கிராமியப் பாட்டு என்ற பெயரில் எதையோ செய்துகொண்டிருந்தது. அண்ணாச்சி மெதுவாக மேடையேறினார். கீபோர்டு வாசித்தவரிடம் மிகவும் பணிவாக, இதில் உறுமிச் சத்தம் எந்தப் பட்டனில் வருகிறது என்று கேட்டார். ரசிகர் கேட்கிறார் என்று அவரும் ஆசையாகக் காட்டினார். அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து இன்சுலேஷன் டேப்பை எடுத்து, அந்தப் பட்டன் மேல் நெடுக்கும் குறுக்குமாக ஒட்டிவிட்டு இறங்கி வந்துவிட்டார்.

இப்படிப்பட்டவருக்கு எதிராளி இல்லாமல் இருப்பானா? இருந்தான். எலக்ட்ரீஷியன் செல்வம், திண்டுக்கல்காரன். காலம் மாறுகிறது, மேளமும் மாற வேண்டியதுதான், கீபோர்டும் ரிதம் பேடும் வந்த பிறகுதான் கரகாட்டத்துக்குக் கூட்டமே சேருகிறது என்பது அவன் கட்சி. காலையில் பஸ் கேம்ப் வாசலைத் தாண்டும்போது ஆரம்பிக்கும். ஷார்ஜா நெரிசலில் உச்சத்துக்குப் போகும். சைட்டில் இறங்கும்போது பாதியில் நிற்கும். சாயங்காலம் விட்ட வார்த்தையிலிருந்து திரும்பத் தொடரும். பஸ்ஸில் வலப்பக்க சீட்டெல்லாம் அண்ணாச்சி கட்சி, இடப்பக்கம் செல்வம் கட்சி. நான் ஜன்னலோரம் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு தூங்கப் பார்க்கும் கட்சி. எனக்கு உறுப்பினர்களே இல்லை.

டிரைவர் கான் பாய் பெஷாவர்காரர். ஆறடி உயரம், பல்லிடுக்கில் எப்போதும் ஒரு சிட்டிகை மூலிகைப் பொடி. தமிழில் அவருக்குத் தெரிந்தது "போ", "வா", "சாப்பாடு". அவருக்கு நேர் பின்னால்தான் அண்ணாச்சியின் சீட். பஸ்ஸின் டேப்ரெக்கார்டர் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டுமே.

அண்ணாச்சியிடம் ஒரு கேசட் இருந்தது. அவர் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் மைக்செட்காரர் பதிவு செய்தது. மச்சான் யார் கையிலோ கொடுத்தனுப்பியிருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கிடைக்கிற லீவு ஒருநாளும் கொடைக்குத் தோதாக அமையாது. ஆக, சொந்த ஊர்க் கொடையை அவர் பார்த்து வெகுகாலம். காதால் கேட்டதோடு சரி. வாதம் முற்றினால் அந்தக் கேசட்டைத்தான் உள்ளே தள்ளுவார். அதில் அவர் கொண்டாடியது நாதஸ்வரத்தைக்கூட அல்ல, பின்னால் ஒலிக்கும் ஒத்தை. ஒத்து என்பது ஒரே சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் குழல். ஊதுகிறவர் மூக்கால் மூச்சை இழுத்து வாயால் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

"கேட்டேளா சார்வாள், எங்கயாவது மூச்சு அறுந்திருக்கா? மனுசன் விடிய விடிய ஊதியிருக்காம்லா. இப்ப உள்ளவனுக்கு இந்தத் தம் உண்டுமா?" என்று என் காதுப் பஞ்சையும் துளைத்துக்கொண்டு கேட்பார். உண்மைதான். அந்த ஒத்து ஒரு இடத்திலும் இம்மிகூட அசையாது. எனக்கே பிரமிப்பாக இருக்கும்.

ஒருநாள் செல்வம் சீண்டினான். அந்தக் காலத்திலேயே கீபோர்டு இல்லாத மேளம் கிடையாது, உங்கள் கேசட்டிலும் எங்காவது ஒளிந்திருக்கும் என்றான். அண்ணாச்சி எழுந்து நின்றார். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்றார்.

"ஏல, இந்தக் கேசட்டுல கீபோர்டு சத்தம் ஒரு பொட்டு இருந்துச்சுன்னு எவனாவது காட்டுனா, அன்னையிலேருந்து இந்த பஸ்சுல நான் வாயத் தொறக்க மாட்டேன். அம்மன் மேல ஆணை."

அவருக்கு அந்த வாய்தான் சொத்து. ஊரும் வீடும் எட்டாத தூரத்தில் இருக்க, பகல் முழுக்கப் பலகையும் ஆணியுமாய்க் கழிய, அந்த நாலு மணி நேரப் பேச்சில்தான் அவர் ஆளாக வாழ்ந்தார். அதைப் பணயம் வைக்கிறார் என்பது எல்லாருக்கும் புரிந்தது. அப்போதும் நான் மனதுக்குள் அம்மனிடம், தாயே, எப்படியாவது கொஞ்சம் கீபோர்டு இருக்கும்படி பார்த்துக்கொள் என்று வேண்டிக்கொண்டேன்.

அம்மன் கொஞ்சம் தாமதமாகக் கேட்டாள். சில மாதம் கழித்து சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கருப்பசாமி என்று ஒருவர் ஸ்டோருக்குப் புதிதாக வந்து சேர்ந்தார். முதல் நாள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். கேசட் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகம் அப்படியே மலர்ந்தது.

"அண்ணாச்சி, இது நம்ம மேள செட்டுல்லா? இந்தக் கொடைக்கு நானும் வந்திருந்தேன்."

அண்ணாச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். என்ன வாசித்தீர்கள், தவிலா, பம்பையா என்றார். வந்தவர் வெள்ளந்தி. பெருமையாகவே சொன்னார்.

"நான் கீபோர்டு. அன்னைக்கு ஒத்து ஊதுதவரு மப்புல மல்லாந்துட்டாரு. அதான் ஒரு கட்டைய அமுக்கி, அது எந்திரிக்காம இடுக்குல ஒரு தீக்குச்சியச் சொருகி வச்சேன். விடிய விடிய ஒத்து அதான்."

இதற்காகவே காத்திருந்த செல்வம் துள்ளிக் குதிப்பான் என்று நினைத்தேன். அவனோ கருப்பசாமியின் தொடையைக் கிள்ளி, வேறு ஏதாவது கொடையாக இருக்கும், நல்லா யோசிச்சுப் பாருங்க என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். கருப்பசாமி நன்றாக யோசித்து, ஊர்ப் பெயர், மைக்செட்காரர் பெயர், தீக்குச்சி ஒடிந்து இன்னொன்று மாற்றிய கதை உட்பட எல்லாவற்றையும் உறுதி செய்தார்.

அண்ணாச்சி கேசட்டை வெளியே எடுத்தார். உறையில் போட்டார். சட்டைப் பையில் வைத்தார். வாயை மூடினார்.

முதல் நாள் எனக்குச் சொர்க்கம். பஞ்சில்லாமல் தூங்கினேன். இரண்டாம் நாள் பேப்பர் படித்தேன். அதற்கப்புறம் அந்த பஸ்ஸில் உட்காரவே முடியவில்லை. துக்க வீட்டு வேனில் போவதுபோல் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போனோம். செல்வம் புதுப்பாணிப் பாட்டுக் கேசட் ஒன்றைப் போட்டான். திட்ட ஆளில்லாததால் அவனுக்கே அது பிடிக்கவில்லை, நிறுத்திவிட்டான். அண்ணாச்சி சைட்டில் வேலைக்கு வேண்டியதைப் பேசினார். பஸ்ஸில் ஏறினால் ஊமை. இறங்கியதும் நேராக ரூமுக்குப் போய் முகத்தை மூடிப் படுத்துக்கொள்கிறார், சாப்பாடும் சரியாக இல்லை என்று கேம்ப்பில் சொன்னார்கள். ஊருக்கே திரும்பிப் போய்விடலாமா என்று யாரிடமோ கேட்டாராம். அம்மனிடம் என் வேண்டுதலை வாபஸ் வாங்க முடியுமா என்று பார்த்தேன்.

கான் பாய் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்துப் பார்த்து, "க்யா பாய், ஜகடா கலாஸ்?" என்று கேட்டார். சண்டை முடிந்துவிட்டதா என்று அர்த்தம். அவர் ஒரு கொட்டாவி விட்டார்.

அந்தக் கொட்டாவியை நாங்கள் கவனித்திருக்க வேண்டும். அந்த வாரமே ஒரு சாயங்காலம், எமிரேட்ஸ் ரோட்டில் பஸ் நேராகப் போய்க்கொண்டிருந்தது. சாலை லேசாக வளைந்தது. பஸ் வளையவில்லை. முன்னால் ஒரு ஜல்லி லாரியின் பின்பக்கம் பெரிதாகிக்கொண்டே வந்தது. கான் பாயின் தலை ஸ்டியரிங்கை நோக்கிச் சாய்ந்துகொண்டிருந்தது.

"ஏல கானு!"

துபாயிலிருந்து நாங்குநேரி வரை கேட்டிருக்கும் அண்ணாச்சியின் அந்தக் குரல். கான் பாய் விழித்து ஸ்டியரிங்கை ஒடித்தார். பஸ் சாலையை விட்டு இறங்கி, மணலில் புதைந்து, ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. லாரிக்காரர் ஒன்றும் தெரியாமல் போய்க்கொண்டே இருந்தார்.

ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. எல்லாரும் இறங்கி மணலில் நின்று கைகால்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டோம். சிலர் காரணமில்லாமல் சிரித்தார்கள். பிழைத்துவிட்டோம் என்ற நினைப்பு உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றினாற்போல் இறங்கியது. கான் பாய் ஆறடியையும் மடக்கி மணலில் உட்கார்ந்து அழுதார். ஹிந்தியில் சொன்னார்: இத்தனை வருஷம் நான் ஒருநாள்கூட வண்டியில் கண் அசந்ததில்லை. இந்த இரண்டு பேரில் யார் யாரை முதலில் அடிப்பார்கள் என்று தினமும் காத்திருப்பேன். அந்த எதிர்பார்ப்பில் தூக்கம் வராது. இவர்கள் ராசியாகிவிட்டார்கள், நான் என்ன செய்வேன்?

எங்கள் உயிரை இவ்வளவு நாள் காப்பாற்றியது நையாண்டி மேளம் என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. எல்லாரும் அண்ணாச்சியைப் பார்த்தோம். அவர் தலையை ஆட்டினார். அது உசுரு போற நேரம், வாயில வந்துட்டு, ஆணை ஆணைதான் என்று மணலில் நின்றபடி சொன்னார். பஸ்ஸுக்கு வெளியே பேசலாம் போலிருக்கிறது.

பஸ்ஸைத் தள்ளி ரோட்டில் ஏற்றினோம். கிளம்பியது. செல்வம் தன் சீட்டை விட்டு வந்து அண்ணாச்சியின் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு ஊருக்கே கேட்கிற மாதிரி ஆரம்பித்தான்.

"என்னா இருந்தாலும் ஒண்ணுண்ணே. இனிமே தவிலு, நாதஸ்வரம் ஒண்ணும் வேணாம். ஒரு கீபோர்டு, ஒரு தீப்பெட்டி. கொடையவே முடிச்சிரலாம்."

அண்ணாச்சியின் கழுத்து நரம்பு புடைத்தது. மீசை துடித்தது. பஸ்ஸே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. கான் பாய் கண்ணாடியைத் திருப்பி வைத்தார்.

"ஏல, கிறுக்குப் பயலே," என்றார் அண்ணாச்சி. "தீக்குச்சியச் சொருகினாலும் அது ஒடிஞ்சிரும்னு விடிய விடிய முழிச்சிருந்து காவல் காத்திருக்காம்லா. அவன் ஒரிஜினல். ஒன் ஆளு பட்டனத் தட்டிட்டு பரோட்டா திங்கப் போயிருவான். அவன் டூப்ளிகேட்டு. அம்மனுக்கு இந்த வித்தியாசம் தெரியும். ஆணைய அவ தள்ளுபடி பண்ணிருவா."

கருப்பசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். வலப்பக்கம் கை தட்டியது. இடப்பக்கம் அதைவிடப் பலமாகத் தட்டியது. செல்வம் உடனே, அப்படியானால் கீபோர்டிலும் ஒரிஜினல் உண்டு என்று ஒத்துக்கொள்கிறீர்களா என்று மடக்கினான். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. கான் பாய் நிமிர்ந்து உட்கார்ந்து, ஆனந்தமாகப் பொடியை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டார்.

அஜ்மானில் என் ஸ்டாப் வந்தது. எழுந்தேன். வாதம் பம்பையின் தோலில் வந்து நின்றிருந்தது. அண்ணாச்சி என் கையைப் பிடித்தார்.

"சார்வாள், எங்க போறியோ? இன்னும் முடியலல்லா. இருங்க."

உட்கார்ந்தேன். கேம்ப் வரைக்கும் போய், அவர் பேசி முடித்த பிறகு இறங்கி, அவ்வளவு தூரத்தையும் வீட்டுக்கு நடந்தே வந்தேன். அந்த ஆளை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.